சிவப்பு ஸ்டிக்கர்

வைத்தியநாதன் வீட்டுக்குள் நுழைந்தபோது மருமகள் ரோகிணியின் கை பிஸ்கட் டப்பாவுக்குள் முழங்கை வரை போயிருந்தது.

“பிடிச்சேன் பார்!” என்றார். செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து நேரே ஆட்டோவில் வந்து இறங்கியவர், தோள் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. “நான் ஒரு கல்யாணத்துக்குச் சேலம் வரைக்கும் போயிட்டு வர்றதுக்குள்ளே, வீட்டை பேக்கரி ஆக்கிட்டியே!”

“மாமா, இது பூசணி விதை.” கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினாள்.

அவர் ஒன்றை வாயில் போட்டு மென்று பார்த்தார். பூசணி விதையேதான். முகம் தொங்கிப்போயிற்று. “உப்பு போட்டிருக்கு,” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து டப்பாவின் மேல் ஒட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். தேறாத உதிரிபாகத்தின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரங்கட்டுவதுதான் அவருடைய வேலை. ரிடையர் ஆன பிறகு ஒட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்தது. ரோகிணிக்கு மாதவிடாய் தள்ளிப் போய், எடையும் ஏறி, பி.சி.ஓ.எஸ். ஆக இருக்கலாம் என்று டாக்டர் ஸ்டெல்லா சந்தேகப்பட்டாரோ இல்லையோ, மனிதருக்குப் புது உத்தியோகம் கிடைத்துவிட்டது.

“இன்சுலின் இருக்கு, ஆனா அது சொல்றத உடம்பு கேக்க மாட்டேங்குது,” என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு முன்னால் ரோகிணியின் மேற்கையில் சர்க்கரையை அளக்கும் சென்சாரை ஒட்டியிருந்தார் ஸ்டெல்லா. “ரெண்டு வாரம் இருக்கட்டும். கிராஃப் அடங்கி இருந்தா சாப்பாடு, நடைன்னு சமாளிச்சிடலாம். இல்லன்னா மாத்திரைதான். சாப்பாடு மட்டும் போதாது, தூக்கமும் மனசும் ஒழுங்கா இருக்கணும்.”

“மனசுக்கென்ன டாக்டர், நான் ஆத்துலதானே இருக்கேன்!” என்றார் வைத்தியநாதன்.

அன்றே வேட்டை ஆரம்பம். சர்க்கரை, மைதா, ஜாம் எல்லாவற்றுக்கும் சிவப்பு. கணவன் பிரசன்னா ஆசையாக வாங்கி வந்த பங்கனபள்ளி மாம்பழங்களுக்குப் பொட்டு வைத்ததுபோல ஆளுக்கொன்று. இட்லித் தட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ரோகிணி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஆபீஸ் மீட்டிங் நடுவில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “நம்பர் என்ன?” என்பார். சென்சார் அளவைக் காட்டும் ஃபோனை எட்டிப் பார்ப்பார். “நூத்தி எழுபதா? ஏன்? என்ன தின்னே, நிஜத்தைச் சொல்லு!”

“ரோகிணி, எல்லாம் ஓகேவா?” என்று திரையிலிருந்து மேனேஜர் உமேஷ் கேட்பார். அவளுக்குக் காது வரை சுடும்.

சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாவற்றையும் விட்டாயிற்று. ஹப்சிகுடா தெருக்களைக் காலையும் மாலையும் அளந்தாயிற்று. ஆனாலும் கிராஃப் ஏறியது. தன் உடம்பே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று ரோகிணி குளியலறைக்குள் போய் அழுதாள். மாத்திரையை நினைத்தாலே பயமாக இருந்தது.

பூசணி விதை டப்பாவுக்கு ஸ்டிக்கர் விழுந்த மறுநாள், டாக்டர் அறையில் அந்தப் பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. போன புதன்கிழமை ஆபீஸ் தோழியோடு இரானி ஹோட்டலில் தின்ற சமோசா கிராஃபில் தெரியுமோ? பக்கத்து நாற்காலியில் மாமா வேறு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஸ்டெல்லா கம்ப்யூட்டரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். “தினமும் மலை மாதிரி ஏறி ஏறி இறங்குது. நேத்து சாயந்தரம்கூட ஜிவ்வுன்னு ஏறியிருக்கு. என்ன சாப்ட்டீங்க?”

“பூசணி விதை, டாக்டர்.”

“அதுக்கு இப்படி ஏறாதே!”

“உப்பு போட்டது, டாக்டர்,” என்று வைத்தியநாதன் எடுத்துக்கொடுத்தார்.

ஸ்டெல்லா அதைக் காதில் வாங்கவில்லை. “ஆனா அதுக்கு முன்னாடி மூணு நாள் மட்டும் கிராஃப் சமர்த்தா படுத்துக் கிடக்கு. அப்ப என்ன சாப்ட்டீங்க?”

ரோகிணி மாமாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “எப்பவும் சாப்பிடறதுதான். அப்புறம்... ரெண்டு சமோசா. ஒரு டீ.”

“சமோசாவா!” வைத்தியநாதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “இனிமே பேச்சே நக்கோ டாக்டர், மாத்திரையை எழுதுங்கோ!”

“உக்காருங்க சார். அந்த சமோசாவுக்கே கொஞ்சம் எட்டிப் பாத்துட்டு இறங்கிடுச்சு. அதனால கோளாறு சாப்பாட்டுல இல்ல.” ஸ்டெல்லா ரோகிணியின் பக்கம் திரும்பினார். “தினமும் உங்க வீட்டுல இருக்கற ஏதோ ஒண்ணு அந்த மூணு நாளும் இல்லாம இருந்திருக்கு. அது என்னன்னு தெரிஞ்சா மாத்திரையே வேண்டாம். யோசிச்சுச் சொல்லுங்க.”

வைத்தியநாதனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து, தாளை உரித்து, விரல் நுனியில் தயாராக வைத்துக்கொண்டார்.

“பயப்படாம சொல்லும்மா. எதுவா இருந்தாலும் இன்னிக்கே ஒட்டிடறேன்.”

ரோகிணி அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தாள்.

“மாமா ஊர்ல இல்லே, டாக்டர்.”