கவிழ்ந்து கிடந்த சட்டி

“மேடம், மூணு மாசமா மாமியார் வீட்டு ஹால்ல படுத்துக் கிடக்கேன். இன்னிக்காவது ஒரு முடிவு சொல்லுங்க!”

சங்குக் கோடரிகளும் மண்தாழிகளும் வரிசைகட்டிய கூடத்தைக் கடந்து, அரூபா தீவின் தொல்பொருள் அருங்காட்சியகப் பின்னறைக்குள் நுழைந்ததுமே ரூஃபோ பொரிந்து தள்ளினான்.

ஆய்வு அதிகாரி மிரெல்வா நிமிரவே இல்லை. “ஏன், மாமியார் சாப்பாடு போடலையா, மிஸ்டர் ரூஃபோ?”

“போடுறாங்க. தொட்டுக்க, ‘ஒரு வீடு கட்டத் துப்பில்லை’ன்னு ஒரு பேச்சும் வைக்கிறாங்க.”

“பெரியவங்களைக் குறை சொல்லாதீங்க” என்றாள் அவள் வெடுக்கென்று.

சாந்தா க்ரூஸ் ஊரில் ரூஃபோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, ஒரு மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அடியில் சுண்ணாம்பு ஏறி, இன்னதென்று தெரியாத எலும்புத் துணுக்குகள். தீவின் ஆதிகுடிகள் இறந்தவரின் தலைமேல் சட்டியைக் கவிழ்த்துத்தான் புதைப்பார்கள். அன்று மாலையே மிரெல்வா வந்து கயிறு கட்டி வேலையை நிறுத்திவிட்டாள். இடுகாடு என்று உறுதியானால், அங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது.

பரிசோதனைக்காக ஹாலந்துக்குப் போன எலும்புக்கு இன்று பதில் வந்திருந்தது. மிரெல்வா உறையை, எதிரே உட்கார்ந்திருந்த இயக்குநர் வெவரிடம் தள்ளினாள். “நீங்களே பிரிங்க, சார்.”

ரூஃபோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

படித்த வெவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். “சேவல்ப்பா, சேவல்! சான் ஹுவான் திருநாளுக்கு சேவலைப் புதைச்சு, மேல சட்டியைக் கவுத்து, கண்ணைக் கட்டிக்கிட்டு அடிப்பாங்களே, அது! அறுபது வருஷம்கூட ஆகலையாம். அடிச்ச ஒருத்தன் கம்பும் சட்டிமேல படலை போல!”

“அப்பாடா!” ரூஃபோ நாற்காலியில் சரிந்தான். “அந்தக் குறி தப்பினவன் மட்டும் என் கையில கிடைக்கணும்…”

“திங்கட்கிழமை வேலையை ஆரம்பிக்கலாம்.” மிரெல்வா முத்திரை குத்தினாள்.

“ஒரு சேவலுக்காக மூணு மாசம்! உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா, மேடம்?”

“யார் வீடா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்.”

வெவர் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போனார். கதவு சாத்தியதும் மிரெல்வா கையுறையைக் கழற்றி வீசினாள். மூன்று மாதமாக அடக்கிவைத்த மூச்சு முழுவதும் அப்போதுதான் அவளிடமிருந்து வெளியேறியது.

“அடுப்படி மேற்குப் பக்கம் வரட்டும், ரூஃபோ. அப்பத்தான் காத்து புகையை வெளிய தள்ளும். அப்புறம், ‘உங்க பொண்ணும் நானும் ஹாலைக் காலி பண்றோம்’னு எங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு!”