நொண்டிச் சிலந்தி

காற்றில் முறிந்து விழுந்த கிளைக்கடியில் கால் நசுங்கிக் கிடந்தது ஒரு காட்டுச் சிலந்தி. அதை ஓர் அணில் தன் பொந்துக்குத் தூக்கி வந்து, பஞ்சில் படுக்கவைத்து, இலைநுனியால் தண்ணீர் சொட்டிக் கண்ணுறங்காமல் காப்பாற்றியது.

சிலந்தி பிழைத்த சேதி மரமெங்கும் பரவியது. பரப்பியதும் அணில்தான். தினமும் யாராவது பார்க்க வந்தார்கள். "நான் மட்டும் பார்க்கலைன்னா இது அன்னிக்கே போயிருக்கும்" என்று அணில் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லும்.

கால் ஆறியதும் ஒரு காலையில் சிலந்தி கேட்டது: "அக்கா, நான் மேல்கிளையில போய் வலை பின்னிக்கட்டுமா?"

"அதுக்குள்ளயா? இன்னும் நொண்டுறியே."

"இல்லையே அக்கா. நேத்து பொந்து முழுக்க ஓடினேனே."

அணிலின் முகம் வாடிவிட்டது. சிலந்திக்கு மனசு கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு புறா வாசலில் வந்து உட்கார்ந்து, "நோயாளி எப்படி இருக்கு?" என்றது.

சிலந்தி ஒரு காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தது. "அக்கா கைராசி, மெல்லத் தேறிட்டு வர்றேன்."

இப்போது சிலந்தி மேல்கிளையில்தான் குடியிருக்கிறது. அணில் வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் நூல்விட்டு இறங்கி, கொஞ்சம் நொண்டிக் காட்டிவிட்டுப் போகும். எட்டில் எந்தக் கால் என்பதுதான் அதற்கு அடிக்கடி மறந்துபோகிறது.