புது ஆட்கள்

“யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வா. என்ன கேட்டாலும் குடு. வாசல்ல கத்துறாங்களே, அவங்களுக்கு மட்டும் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது.”

புது மேஸ்திரியிடம் முதலாளி இருபது பேர் கேட்டாரா, முப்பதா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. ஸ்டூல் என்று சொன்னது மட்டும் நிச்சயம். நாள் முழுக்க நின்றபடி ஆரஞ்சுக்குக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் பெண்கள், உட்கார ஸ்டூலும் மத்தியானம் அரை மணி ஓய்வும் கேட்டு, பதினோரு நாளாக வேலையை நிறுத்தியிருந்தார்கள். போர்முனைக்குப் பழம் கொண்டுபோகும் கப்பலோ நாளை மறுநாள் கிளம்புகிறது.

பழைய மேஸ்திரி பட்டாளத்துக்குப் போய்விட்டதால், புது மேஸ்திரி அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பழம் கப்பலேறாவிட்டால் அவனுக்கும் வேலை இல்லை. வாடகை வீட்டில் அவன் மனைவி இன்னும் பாத்திர மூட்டையைக்கூட அவிழ்க்கவில்லை.

வாசலில் கோஷம் காதைப் பிளந்தது. யார் கண்ணிலும் படாமல் பின்வழியாக நழுவி, பேருந்து நிலையத்து டீக்கடையில் போய் நின்றான். பெரிய தூக்கில் டீ வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், அவன் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்து விசாரித்தாள். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

“கவலைப்படாதே தம்பி, ஆள் நான் கூட்டிட்டு வரேன். ஆனா சும்மா வர மாட்டாங்க.”

“என்ன கேப்பாங்கக்கா?”

ஸ்டூல் கேட்டாள். அரை மணி ஓய்வு கேட்டாள். எழுத்தில் வேண்டும் என்றாள். முதலாளிதான் கேட்டதைக் கொடுக்கச் சொல்லிவிட்டாரே. அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் காலை வாசலில் ஈ, காக்கை இல்லை. புது ஆள் வருவது தெரிந்து பயந்து ஓடிவிட்டார்கள் என்று மேஸ்திரிக்கு ஒரே குஷி. உள்ளே, ஸ்டூலில் உட்கார்ந்த பெண்களின் கைகள் பறந்தன. ஆணியில் தொங்கிய அங்கிகளில் தனக்கு அளவானதை ஒவ்வொருத்தியும் தேடாமலே எடுத்து மாட்டிக்கொண்டாள். கெட்டிக்காரிகள் என்று நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் வந்த முதலாளி படியிலேயே நின்றுவிட்டார். நிரம்பிய பெட்டிகளைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார்.

“எங்கே பிடிச்சே இவங்களை?”

“டீக்கடையிலங்க. தங்கமானவங்க.”

கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது. மேஸ்திரியின் மனைவி மூட்டையை அவிழ்த்தாள். அவனை வேலையைவிட்டு அனுப்பினால் எல்லோரும் மறுபடி வாசலுக்கே போய்விடுவோம் என்று அக்கா முதலாளியிடம் சொல்லிவிட்டாள். பதினோரு நாள் அங்கே நின்று கத்தியவர்கள் அத்தனை பேரும், அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தின்படி, கடைசிவரை உட்கார்ந்தே பழம் சுற்றினார்கள்.