மருந்தில்லாத தோட்டம்

முதல் நாள் அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஆடிக் காற்று. திறந்தவெளிச் சிறையின் தோட்டத்தில் முருங்கைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தன. சுற்றிலும் மதில் இல்லை, முள்வேலிதான். பல வருடம் உயர்ந்த சுவர்களுக்குள் இருந்துவிட்டு வந்தவளுக்கு அவ்வளவு வானம் கண்ணைக் கூசவைத்தது.

"மருந்து எங்க வச்சிருக்கிய?" என்று கேட்டாள்.

ரோஸ்லின் பாத்திக்குள்ளிருந்து நிமிர்ந்தாள். அவளும் கைதிதான். ஏறக்குறைய இவள் வயதுதான். முன்னமே வந்து தோட்டவேலை கற்று, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறவள்.

"பூச்சிமருந்தா? இந்த வேலிக்குள்ள ஒரு சொட்டு கெடையாது. சாணி, கோமியம், வேப்பங்கொட்டை, அவ்வளவுதான். ஏன் பேச்சி, ஒனக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

தொட்ட மண் வெதுவெதுப்பாக இருந்தது.

பல வருடங்களுக்கு முன், அடி தாங்காத ஒரு மத்தியானம் அவள் புருஷனின் குழம்பில் மருந்தைக் கலந்தாள். அவன் தின்றுவிட்டு எழுந்து போனான்; உயிரோடு திரும்பவில்லை. அன்று பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது. கொல்லையிலிருந்து அவள் உள்ளே வந்தபோது, மகள் தானே சோறு போட்டு, அதே குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

பாய்ந்து தட்டிவிட்டாள். சோறு சுவரெல்லாம் சிதறியது.

மாரிச்செல்வி அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. மனு போட்டுப் பார்க்க வரும் அக்கா சொல்வாள்: எங்க வீட்டுலதான் இருக்கா, நல்லாப் படிக்கா, ஒன்ன மாதிரியே ஒசரம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

வைக்கோலும் சருகும் பரப்பிப் பாத்திகளைப் போர்த்தினார்கள். உரக்குழிக்குள் கையை விட்டால் சூடு. தூங்கும் குழந்தையின் வயிற்றுச் சூடு. கையை எடுக்க மனமில்லாமல் மழையில் நனைந்தபடி குந்தியிருப்பாள். ரோஸ்லின் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவள் தலையில் போட்டுவிட்டுப் போவாள்.

நெடுங்காலம் வராத கனவுகள் வரத் தொடங்கின. பழைய சிறைக் கொட்டடியின் சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு பீர்க்கங்கொடிகள் ஏறின. படுத்திருந்த பெண்கள் மேல் இலை இலையாகப் படர்ந்தன. விடிந்தும் யாரும் யாரையும் எண்ண வரவில்லை.

மார்கழியில் தட்டைப்பயறு முழுக்க அசுவினிப் பூச்சி அப்பியது. தண்டுகள் கறுத்தன. வேப்பங்கரைசலுக்கு ஓடியவளை ரோஸ்லின் பிடித்து நிறுத்தினாள்.

"செத்த பொறு. அதத் திங்க ஆளு வரும்."

"வராட்டி?"

"வரும், கேட்டியா."

தினமும் விடியலில் போய்ப் பார்த்தாள். பனிக்குள் கொடிகள் சோர்ந்து கிடந்தன. துளிர்கள் சுருண்டன. அவளுக்குக் கை பரபரத்தது. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

ஒரு காலையில் சிவப்புப் பொறிவண்டுகள் வந்திருந்தன. எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. இலைக்கு இலை அவசரமில்லாமல் அசுவினியை மேய்ந்துகொண்டிருந்தன.

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு நானும் பொறுத்திருந்தால் யார் வந்திருப்பார்கள் என்று யோசித்தாள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. பயறு மட்டும் பிழைத்துக்கொண்டது.

தையில் அவளே வெள்ளரி விதைத்தாள். யாரும் சொல்லாமலே மண்ணைப் பிடித்துப் பார்த்து ஈரம் சொன்னாள். கொடிகள் மூன்றாவது இலை விட்டபோது இனிச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்பதுபோல் ரோஸ்லின் அந்தப் பாத்திப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

பங்குனியில் விடுதலை உத்தரவு வந்தது.

கிளம்பும்போது ரோஸ்லின் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. இரண்டு வெள்ளரிப் பிஞ்சுகளைப் பறித்து அவள் முந்தானையில் போட்டு முடிந்துவிட்டாள். "போ. திரும்பிப் பாக்காத" என்றாள். காவலர் அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு வெளியே அக்காவைத் தேடினாள்.

அக்கா வரவில்லை. வாகை மரத்தடியில் உயரமாக ஒருத்தி நின்றாள். பூ உதிர்ந்து தோளெல்லாம் கிடந்தது. தட்டிவிடாமல் நின்றாள்.

பேச்சி அருகில் போய், ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"பெரியம்மாவுக்கு முட்டுவலி" என்றாள் மாரிச்செல்வி. "அதான் நான்."

பேருந்து வரவில்லை. இருவரும் கல்லில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. வெயில் தார்ச்சாலையின் மேல் தண்ணீர்போல் அசைந்தது. காற்று நின்றிருந்தது. தூரத்தில் யாரோ மண்வெட்டி போடும் சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்டது.

"வயிறு பசிக்கு" என்றாள் மகள்.

"டவுனுக்குப் போனதும் கடையில வாங்கித் தாரேன், பிள்ள."

மகள் முந்தானை முடிச்சைப் பார்த்தாள்.

"அது என்னது?"

"வெள்ளரிப் பிஞ்சு." முடிச்சைத் தொட்டாள். "நான் போட்டது."

மகளின் கை மடியிலிருந்து எழுந்து நீண்டது.

முடிச்சை அவிழ்க்க நேரமாயிற்று. ஒரு பிஞ்சை எடுத்து இரண்டாக ஒடித்தாள். ஒரு பாதியை மகளின் கையில் வைத்தாள். மறுபாதியை அவசரமாகத் தன் வாயில் போட்டு, மகள் பார்க்கும்படி நன்றாக மென்றாள். விழுங்கினாள்.

கொஞ்சம் பொறு என்று சொல்லத்தான் திரும்பினாள்.

அதற்குள் பக்கத்தில் நறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்டது.