ஓட்டை இல்லாத போன்

"ஓட்டையக் காணல்லியே!"

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் காலைப் படகில் ஏறியதுமே கலீலுர் றஹ்மான் தொடங்கிவிட்டார். கையில் முந்தாநாள் வாங்கிய புதுப் போன். நிமிர்த்தினார், கவிழ்த்தார், விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தார். இயர்போன் ஒயரைக் குத்த இடமே இல்லை.

அதை அவருக்கு விற்ற இன்பாஸ் பக்கத்தில்தான் இருந்தான். நகரில் போன் கடை வைத்திருப்பவன்.

"இப்ப வாற போனில ஓட்டை இல்ல சாச்சா. உள்ளுக்குத் தண்ணி போகாம இருக்கத்தான் அடைச்சிட்டாங்க. புளூடூத் ஒண்டு வாங்கிப் போடுங்க."

"இருந்ததப் புடுங்கிப்போட்டு, அதுக்குப் பதிலா இன்னொண்டு வாங்கு எண்டு சொல்றீங்க. நல்ல யாவாரம்!"

படகே இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"ஒயர் எண்டா எப்பவும் சிக்கு."

"புளூடூத் ஒரு பக்கம் கடலில விழுந்தா ஆர் குதிச்சு எடுக்கிறது?"

கலீலுர் றஹ்மான் முன்னால் இருந்த வாங்குப் பலகையைக் காட்டினார். "அந்தாளப் பாரு. ஒயர்தான் போட்டிருக்கார். அவருக்கு மட்டும் எங்கால ஓட்டை?"

முன் வாங்கில் இருந்தவர் கதிரவேல். சம்பூர்க்காரர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிளாக்கர். இரண்டு காதிலும் ஒயர், கண் மூடியபடி, தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"எட்டு மாசமா ஒரே படகு. ஒருநாள் வாயத் திறந்து கதைச்சதில்ல. பெருமை!" என்றார் கலீலுர் றஹ்மான்.

கதிரவேலுக்குப் பக்கத்து வாங்கில் ஜெஸ்மின், கத்தாரில் இருக்கும் கணவன் முனீப்போடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நகரில் மருந்துக்கடையில் வேலை. அவன் அங்கே வேலைக்குப் பஸ் ஏறும் நேரமும் அவள் இங்கே படகில் இருக்கும் நேரமும் ஒன்று. எஞ்சின் சத்தத்தில் உரத்துத்தான் கதைக்க வேண்டும்.

கதிரவேலின் மடியில் கிடந்த போனை இன்பாஸ் எட்டிப் பார்த்தான். முகம் மாறியது.

"சாச்சா, அதுவும் உங்கட மொடல்தான். போன மாசம் நான்தான் வித்தனான். அதில ஓட்டை இல்ல."

"அப்ப ஒயர் எங்க போகுது?"

கலீலுர் றஹ்மான் எழுந்துபோய்க் கதிரவேலின் தோளைத் தட்டினார். அவர் திடுக்கிட்டு நிமிர, ஒயரின் நுனி சட்டைப் பையிலிருந்து வெளியே வந்து விழுந்தது. அது எதிலும் பூட்டியிருக்கவில்லை.

படகு சிரித்தது. கலீலுர் றஹ்மான் சிரிக்கவில்லை.

"இப்ப விளங்குது! கேக்காத மாதிரி நடிச்சு, இந்தப் புள்ள புருஷனோட கதைக்கிறதெல்லாம் ஒட்டுக் கேட்டிருக்கீங்க. முனீப்புக்குக் கால் சுளுக்கினது, மாமி மீனாணத்தில உப்ப அள்ளிப் போட்டது, நேத்து அவன் கோவத்தில டக்கெண்டு போன வெச்சது, ஒண்டும் விடாம கேட்டிருக்கீங்க. வெக்கமா இல்லையா?"

ஜெஸ்மின் போனைக் காதிலிருந்து எடுத்தாள். முகம் சிவந்திருந்தது.

"சாச்சா, இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கலீலுர் றஹ்மான் கையிலிருந்த போனைக் கவிழ்த்துத் திரும்பவும் ஓட்டையைத் தேடத் தொடங்கினார்.

கதிரவேல் ஒயரைக் குனிந்து எடுத்தார்.

"பழைய போனில உண்மையாத்தான் பாட்டுக் கேட்டனான். புதுசில குத்த இடமில்லை. ஒருநாள் ஒயர் இல்லாமல் வந்தனான். இந்தத் தங்கச்சி என்ரை காதைப் பார்த்தா. ரெண்டு சொல்லோட போனை வைச்சிட்டு, இறங்குமட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அடுத்த நாள் தொடக்கம் ஒயரை மாட்டிக்கொண்டு வாறன்."

"அப்ப ஏன் தலையாட்டுறீங்க?" இன்பாஸ் கேட்டான்.

"பாட்டுக் கேக்கிற ஆள் ஆட்டத்தானே வேணும்?"

ஜெஸ்மினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணன், நான் கதைக்கிறது உங்களுக்குக் கேட்கும்தானே?"

"காதில விழுறது விழும்தான். இறங்குதுறையில விட்டிட்டுப் போயிடுவன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் முனீப்புக்குப் போன் அடித்தாள்.

கலீலுர் றஹ்மான் திரும்பி வந்து தன் இடத்தில் இருந்தார். இறங்குதுறை நெருங்கியது. இன்பாஸ் மெல்லக் கேட்டான்:

"சாச்சா, உங்களுக்குப் புளூடூத் ஒண்டு எடுத்து வெக்கட்டா?"

"வேணாம். ஒயரே கொண்டு வா."

"உங்கட போனில ஓட்டை இல்லையே?"

"ஓட்டை எதுக்குடா? நாளைக்கு இருபது ஒயர் கொண்டு வா. இந்தப் படகில அந்தப் புள்ளையத் தவிர எல்லாருக்கும் வேணும்!"