கூண்டு ஏற்றியாயிற்று

சார்ஜரில் கிடந்த கைபேசி வீடே அதிர அலறியது. 'புயல் வருகிறது, கடலுக்குள் போகாதீர்கள்.' யாருக்குச் சொல்கிறது? அதற்குரியவன் விடியற்காலையிலேயே அதை மறந்து வைத்துவிட்டு, வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போய்விட்டான். அவன் மனைவி செலஸ்டினா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். மற்றவர்கள் படகுகளை மேட்டில் கட்டிவிட்டு முகாமுக்குப் போயிருந்தார்கள். காற்றே இல்லை. புயல் கூண்டு ஏற்றும் கொடிமரம் மொட்டையாக நின்றது.

"மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சுன்னு டிவியில சொன்னாங்களே, எங்கண்ணே?"

"இப்பல்லாம் செய்தியில மட்டும்தாம்மா ஏத்துறது," என்றார் சிக்னல் பார்க்கும் பிச்சையா. "சேட்டிலைட்ல பார்த்து நேரா போனுக்கே அனுப்பிடுறாங்க. மரத்தை எவன் பார்க்கிறான்?"

"அவரு போன் எங்கிட்ட இருக்குண்ணே."

பிச்சையா எழுந்து ஓடினார். கொட்டகையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை விரட்டிவிட்டுக் கூண்டை வெளியே இழுத்தார். கறுப்புத் துணி போர்த்திய பிரம்புக்கூடு. கிளிக்கூண்டு மாதிரி கம்பி போட்டிருக்கும் என்றுதான் செலஸ்டினா இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள்.

இருவரும் கயிற்றை இழுத்தார்கள். உள்ளங்கை தோலுரிந்தது. கூண்டு உச்சிக்குப் போய் நின்றது.

"அந்தா, அவருதான்! இங்கதான் பார்க்கிறாரு!"

"பார்க்கிறான். இது என்னன்னு அவனுக்குத் தெரியுமாம்மா?"

தூரத்து வள்ளத்தில் நின்றவன் கையைத் தூக்கி உற்சாகமாக ஆட்டினான். பிறகு குனிந்து, வலையை மறுபடி எடுத்து வீசினான்.