மூணு ஸ்பூன்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் அக்கா சொல்லக் கேட்டதுதான்.

அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு மத்தியானம், இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பகல்நேரக் குழந்தைகள் காப்பக ஆயா ஓடி வந்தாள். விடாத வாந்தி. குழந்தை துவண்டு கிடந்தது. தகவல் போய், தையல் கம்பெனியிலிருந்து அம்மா வந்தாள். விடியுமுன்னே டூட்டிக்குப் போயிருந்த பஸ் டிரைவர் அப்பா, காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

வாந்தியில் காய்ச்சல் மருந்தின் வாடை. டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

"வீட்டுல ஒண்ணும் குடுக்கல டாக்டர். பிள்ளைக்குக் காய்ச்சலே இல்ல. இருந்தா காப்பகத்துல சேர்க்கவே மாட்டாங்க. வாசல்ல சூடு பார்த்துட்டுத்தான் வாங்கினாங்க."

அப்பா ஆயாவை முறைத்தார். பிள்ளைகள் தூங்கித் தொலையட்டும் என்று மருந்து ஊற்றுகிற ஆயாக்களை அக்காவும் பார்த்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி போட நரம்பு தேடினார்.

"யார் குடுத்ததுங்கிற சண்டை அப்புறம்," என்றார் டாக்டர். "எத்தனை மணிக்கு, எவ்வளவு? அது தெரிஞ்சாத்தான் முறிவு மருந்து ஏத்த முடியும். ஈரல் போச்சுன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மா ஆயாவின் கையை இறுகப் பிடித்து, காதோரம் ஏதோ சொன்னாள். திட்டுகிறாள் என்று அக்கா நினைத்தார்.

ஆயா தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான்தான் ஊத்தினேன் சார். காலைல ஆறரைக்கு. பெரிய ஸ்பூன்ல மூணு."

அப்பா விட்ட அறையில் ஆயா சுவரோடு போய் மோதினாள். அம்மா தடுக்கவில்லை.

"மூணு ஸ்பூனா? நீயெல்லாம் பிள்ளை பெத்தவளா?" என்று அக்காவும் தன் பங்குக்குக் கேட்டார்.

நேரத்தையும் அளவையும் குறித்துக்கொண்டு மருந்து ஏற்றினார்கள். நான்காம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டது. ஆயாவை முதல் நாளே வேலையை விட்டுத் துரத்தியிருந்தார்கள்.

"அவளுக்கு எப்படித்தான் மனசு வந்துதோ," என்று அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் அந்தக் காப்பகம் இருக்கும் தெருவழியாகப் போனேன். நின்று வாசல் பலகையைப் படித்தேன்.

காப்பகம் திறப்பதே காலை எட்டு மணிக்குத்தான்.